கேட்காமல் எடுத்த சிரிப்பு

படம் எடுக்கும் பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, மாலை போட்டு, முன்வரிசையில் கதிரை தந்து, உங்கள் புதிய நையாண்டிப் படத்தைப் போட்டுக் காட்டினீர்கள். காதல் படங்களைக் கேலி செய்யும் படம் என்றீர்கள். முடிந்ததும், "ரீட்டா அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கைக் கையில் தந்தீர்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் உங்கள் அம்மா அப்பாமாருக்கு முன்னாலேயே உங்களைத் திட்டியிருப்பேன். அது மரியாதை இல்லை என்பதால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். இதுவரை ஆறவில்லை.

உங்கள் படத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் பின்னால் போகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அந்த இடத்தில் 'பொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறீர்கள். மறுபடி வேண்டாம் என்கிறாள், மறுபடி 'பொய்ங்'. மூன்றாம் தடவை வாத்துச் சத்தம். நான்காம் தடவை அவள் சிரிக்கிறாள், பாட்டு வருகிறது, நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நான் கேட்கிறேன், இதில் எதைக் கேலி செய்தீர்கள்? நீங்கள் கேலி செய்வதாகச் சொல்லும் அந்தப் படங்களிலும் இதுதானே நடக்கிறது? வாத்து மட்டும்தான் உங்களுடையது.

வாசலில் செருப்பைப் போடும்போது உங்களில் ஒருவர் ஓடிவந்து கேட்டார்: "அக்கா, முந்தி மாதிரி இப்ப நையாண்டிப் படமெல்லாம் ஏன் எடுபடுறதில்ல? சனங்களுக்குச் சிரிக்கத் தெரியாமப் போயிருச்சா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் பல பதில்கள் உண்டு. சனங்களுக்கு இப்போது சட்டென்று ரோஷம் வருகிறதாம். அசல் படங்களே சிரிப்பாக இருப்பதால் கேலி செய்ய மிச்சம் இல்லையாம். போனில் அரை நிமிடத்துக்கு மேல் யாரும் எதையும் பார்ப்பதில்லையாம். எல்லாம் வசதியான பதில்கள். எல்லாவற்றிலும் குற்றவாளி வேறு யாரோ. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை என் கையால் செய்தேன்.

என்னைச் சரியாகத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பளை டவுனுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கன்னியர் பாடசாலையில் படித்து, கண்டி டவுனில் ஒரு வீடியோ கடையில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீடியோ, தேவாலயத்து முதல் நன்மை வீடியோ, பூப்புனித வீடியோ. கண் மங்கி வேலையை விடும்வரை வெட்டி ஒட்டுவதுதான் என் தொழில். இதற்கிடையில் சில வருடங்கள் நாங்கள் நாலு பேர் சேர்ந்து நையாண்டிப் படங்கள் செய்தோம். எழுதி இயக்கியவர் கெலிஓயாவில் கணக்குப் படிப்பித்த ஆசிரியர். எங்களுக்கு அவர் சேர். கதாநாயகனும் அவரே. நாற்பது வயது, முன்தலையில் வழுக்கை, கறுப்புக் கண்ணாடி. அந்தக் கோலத்தில் கல்லூரி மாணவனாக வந்து நிற்பார். வந்து நின்றாலே சனம் சிரிக்கும். ஒலிப்பதிவும் ஒலிபெருக்கியும் நிஸாம் நானா. அவரும் கெலிஓயாக்காரர். கதாநாயகி ஜெயந்தி. ஹந்தானைத் தோட்டத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த பிள்ளை.

எங்கள் முறை மிக எளிது. காதல் படத்தில் நடப்பதை அப்படியே தொடங்குவோம். பிறகு கண்டியில் என்ன நடக்குமோ அதை நடக்கவிடுவோம். கதாநாயகன் பூந்தோட்டத்தில் கையை விரித்துக்கொண்டு ஓடுவான். காவலாளி டிக்கட் கேட்பார். மழையில் மலையுச்சியில் பாடுவான். இரண்டாவது வரியில் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி காலில் ஏறிய அட்டையைத் தேடத் தொடங்குவான். இவ்வளவுதான். கம்பளையில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துப் போட்டுக் காட்டினால் சனம் நிறையும். முதலில் சிரிப்பது எப்போதும் பெண்கள் பக்கம்தான். ஆண்கள் ஒரு நொடி தாமதித்துத்தான் சிரிப்பார்கள். அந்த ஒரு நொடி எங்களுக்குப் பெரிய சம்பளம்.

முதல் தவறைச் சொல்கிறேன். அது சின்னத் தவறு, திருத்த முடிந்தது.

ஆரம்ப காலத்துப் படம் ஒன்றில் கதாநாயகன் ஆங்கிலத்தில் ஏதோ கவிதை சொல்வான். ஜெயந்தி அவனைப் பார்த்து, "என்னாங்க சொல்றீங்க, எனக்கு வெளங்கலீங்க, நாங்க போறோம்" என்பாள். தோட்டத்துப் பேச்சு, அவளுடைய சொந்தப் பேச்சு. எனக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. 'நாங்க போறோம்' என்பதற்குப் பின்னால் ஒரு பீப்பீச் சத்தத்தை வைத்தேன். முன்னோட்டம் பார்க்க வந்த பதினைந்து பேரும் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பெருமையோடு ஜெயந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, இதுல எதுக்குச் சிரிச்சாங்க?"

"நீ சொன்ன விதம் நல்லா இருந்திச்சு, அதான்."

"இல்லக்கா. நான் அவரப் பாத்து அலுத்துப்போய்ச் சொன்னேன். அந்தச் சத்தம் வந்தோன என் பேச்சுக்குச் சிரிக்கிறாங்க. நீங்களும் மேல தோட்டத்து ஆள்தானே. ஒங்களுக்குக் கேக்கலயா?"

கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. கன்னியர் பாடசாலையில் சேர்ந்த முதல் வருடமே அந்தப் பேச்சை நாக்கில் இருந்து உரித்துப் போட்டவள் நான். அதைக் கேட்டால் சிரிக்கவேண்டும் என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். நானும் பழகியிருந்தேன். அந்தப் பீப்பீச் சத்தத்தை எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு அதே இடத்தில் சனம் கதாநாயகனைப் பார்த்துச் சிரித்தது. ஒரு சத்தத்தை எடுத்தால் சிரிப்பு ஒரு ஆளிடம் இருந்து இன்னொரு ஆளுக்கு மாறுகிறது. நீங்கள் எடிட்டிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேறு எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிரிப்பும் யாரோ ஒருவர் மேல் விழும். யார் மேல் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்தான். தெரியாமல் விழுந்தது என்ற பேச்சே இந்தத் தொழிலில் இல்லை.

இனிப் பெரிய தவறு.

ஒரு நாள் ஜெயந்தி வேலை முடிந்து வந்து, தேநீர் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். டவுனில் ஹந்தானை பஸ் நிற்கும் இடத்தில் ஒருவன் தினமும் நிற்கிறான். அவள் வந்தால் அவனும் ஏறுகிறான். அவள் இறங்கினால் அவனும் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிறான்.

"ஏதாவது செய்யிறானா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யலக்கா. நிக்கிறாரு. வேணாம்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். 'நூறு நாள் நின்னா மனசு மாறும்'னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. படத்துல பாத்திருக்காராம்."

சேர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். நல்ல யோசனை வந்தால் அவரால் உட்கார முடியாது. "இதத்தான் எடுக்கணும். நூறு நாள் நிக்கிறவன். நூத்தியோராவது நாளும் அவ வேணாம்னு சொல்றா. படம் முடிஞ்சிருச்சு" என்றார்.

ஜெயந்தி கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு, "நடிக்கிறேன் சேர். ஆனா ஒண்ணு. வேணாம்னு சொன்னதோட முடியணும். அதுக்குப் பொறகு நான் திரும்பிப் பாக்கக்கூடாது" என்றாள்.

"திரும்பிப் பாத்தா அது நையாண்டியே இல்லையே" என்றார் சேர். இந்த வார்த்தையை அவர்தான் சொன்னார். நானும் நிஸாம் நானாவும் பக்கத்தில் இருந்தோம்.

நாங்கள் செய்ததில் அதுவே சிறந்த படம். கடைசிக் காட்சியை ஹந்தானை மலைப்பாதையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் எடுத்தோம். கதாநாயகன் முழங்காலில் நின்று பூவை நீட்டுகிறான். அவள், "எனக்கு விருப்பமில்லீங்க" என்கிறாள். எங்கிருந்தோ வயலின் எழும்புகிறது. கதாநாயகன் கண்ணை மூடி, கையை விரித்து, பாட்டுக்குக் காத்திருக்கிறான். அவள் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றித் தேடுகிறாள். தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒலிபெருக்கியோடு குந்தியிருக்கும் நிஸாம் நானாவைக் கண்டுபிடித்து, "நானா, அதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்கிறாள். அவர் நிறுத்துகிறார். ஒரு சத்தமும் இல்லை. பஸ் வருகிறது. ஏறிப் போகிறாள். கதாநாயகன் விரித்த கையோடு நிற்கிறான். அவ்வளவுதான்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒருத்தியின் களைப்பு மட்டும். பஸ்ஸில் ஏறும்போது சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடிப்பாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கம்பளையில் போட்டபோது வயலின் நின்ற இடத்தில், பின்னால் நின்றுகொண்டிருந்த கார்மெண்ட் தொழிற்சாலைப் பெண் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். முன்னால் கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கைதட்டலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். அந்தக் கடைசிக் காட்சி எடுத்து முடிந்து, சேர் 'கட்' சொன்னபிறகும் முக்காலியில் இருந்த கமரா சில வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தது. நிஸாம் நானா செடிக்குப் பின்னால் இருந்து திடீரென்று எழுந்து, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினார். அட்டை. ஜெயந்தி பஸ் மிதிபலகையில் நின்றபடி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டு, கண் இரண்டும் சுருங்க, தோள் குலுங்க. நிஸாம் நானா கமராவின் சட்டத்துக்குள் இல்லை. சட்டத்துக்குள் இருப்பது திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் ஜெயந்தியும், கையை விரித்த சேரின் முதுகும் மட்டும்.

எடிட்டர்களாகிய உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

கம்பளைக் காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் இருந்து கேட்டார்கள். காதலர் தினத்துக்குப் போடப்போகிறார்களாம். நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஜெயந்தியும்தான். கடையில் எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

படம் போகவேண்டிய நாளுக்கு முதல் நாள், காலை பத்து மணி போல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அழைத்தார். சேர் போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார்.

"படம் பிரமாதம் சேர். எங்கட ஆக்கள் எல்லாரும் சிரிச்சவங்க. முடிவுதான் கொஞ்சம் கசப்பா இருக்கு. காதலர் தினம் பாருங்க, ஆக்கள் சந்தோஷமாத்தான் டிவிய நிப்பாட்டணும். அந்தப் பிள்ள கடைசியில ஒருக்காத் திரும்பிச் சிரிச்சாப் போதும். மத்தது எல்லாம் அப்பிடியே இருக்கட்டும். ரெண்டு மணிக்கு முதல் அனுப்புவீங்களா? இது நல்லாப் போனா ஒரு தொடராவே செய்வம்."

சேர் போனை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டு, "ரீட்டா, அந்த அட்டைச் சிரிப்பு இருக்குத்தானே?" என்றார்.

அவருக்கு அது உடனே ஞாபகம் வந்தது. யோசிக்கத் தேவைப்படவில்லை. அது ஏன் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். காதல் கதாநாயகனைக் கேலி செய்யப் போனவர், நாலைந்து படம் நடித்தபிறகு, அந்தக் கறுப்புக் கண்ணாடியை வெளியிலும் போடத் தொடங்கியிருந்தார். பஸ்ஸில் யாராவது அடையாளம் கண்டால் தலையைச் சாய்த்துச் சிரிப்பார். கடைசிக் காட்சியில் கையை விரித்துக்கொண்டு தனியாக நிற்பது அவருக்கே கசந்திருக்கிறது. ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்ற ஆசை எங்கள் நையாண்டிக்காரருக்கே வந்துவிட்டது.

நிஸாம் நானா கேட்டார். "சேர், அந்தப் புள்ளக்கிட்டக் கேட்டீங்களா?"

"கடையில இருப்பா. போன் எடுக்க விடமாட்டாங்க."

"போய்த்துக் கேட்டுட்டு வரலாந்தானே. இங்க ஈக்கிற கடை."

"நேரம் இல்ல நானா. ஒரு சிரிப்புத்தானே. அவ சிரிச்சதுதானே, நாங்க வரையல்லையே."

நிஸாம் நானா என்னைப் பார்த்தார். "ரீட்டா, நீங்க ஒரு வார்த்த செல்லுங்க."

நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அந்தத் துண்டு அழிந்துவிட்டது என்று. முடியாது என்று சொல்லியிருக்கலாம். எதுவுமே வேண்டாம், ஜெயந்தியின் கடை எங்கள் கட்டடத்தில் இருந்து பத்து நிமிட நடை. இரண்டு மணிக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. நேரம் இல்லை என்று சேர் சொன்னார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், நேரம் இருப்பது எனக்குத் தெரிந்தது, கதிரையை விட்டு எழவில்லை. தொடர் என்ற சொல் என் காதிலும் விழுந்திருந்தது. கல்யாண வீடியோவில் பலகாரத் தட்டுகளை வரிசையாக ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவள் நான். எனக்கும் ஆசை இருந்தது. அதை இந்த இடத்தில் மறைத்தால் இதை எழுதியே பயனில்லை.

பஸ்ஸில் ஏறும் காலுக்கும் திரும்பும் தலைக்கும் இடையில் வெட்டினேன். வெளிச்சம் பொருந்தியது. சேலைத் தலைப்புப் பொருந்தியது. பின்னணியில் வயலினை மெல்ல மீண்டும் எழுப்பினேன். நிஸாம் நானா அதற்குக் கை வைக்க மறுத்துவிட்டதால் அதையும் நானே செய்தேன். அன்று செய்தது என் தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான வெட்டு. யார் பார்த்தாலும் அந்தப் பெண் அவனைத்தான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று சத்தியம் செய்வார்கள்.

ஒளிபரப்பு முடிந்ததும் பலர் அழைத்துப் பாராட்டினார்கள். ஜெயந்தி அழைக்கவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல் அவள் எங்கள் வீடியோ கடைக்கு வந்தாள். வேலை நேரத்தில் வந்திருக்கிறாளே என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, அவரு கடைக்கு வந்தாரு. போன்ல அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்து வச்சிருக்காரு. மொதலாளிக்கிட்டக் காட்டுறாரு. 'வேணாம்னு சொல்லிட்டு பொறகு சிரிக்கிறா பாருங்க, எனக்காகத்தான் செஞ்சிருக்கா'ன்னு சொல்றாரு. மொதலாளி கொஞ்ச நாளைக்கு வரவேணாம்னுட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"நேத்துச் சாயங்காலம் அவங்க பெரியம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க லயத்துக்கு வந்துட்டாரு. பொண்ணு கேட்டு. அப்பா என்னையப் பாத்து, 'ஒனக்கு விருப்பமில்லேன்னா ஏம்மா சிரிச்ச'ன்னு கேக்குறாரு. நான் என்னா சொல்ல? அட்ட கடிச்சதுக்குச் சிரிச்சேன்னு சொன்னேன். யாரும் நம்பலக்கா. எங்கப்பாவே நம்பல."

"ஜெயந்தி, எங்களுக்கு நேரம் இருக்கல்ல..."

"நான் கடையிலதான் இருந்தேன்" என்றாள்.

இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு சேர் வந்தார். அவளைக் கண்டதும், "பாத்தியா, எல்லாரும் ஒன்னையத்தான் பேசுறாங்க" என்று தொடங்கினார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடமே சொன்னாள். "அவரு ஆம்பள, அவருக்கு வெளங்காட்டிப் பரவாயில்ல. ஒங்களுக்கு வெளங்கும்தானேக்கா. ஒங்க கையால எப்பிடிச் செஞ்சீங்க?"

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். வெட்டாத முழுப் பதிவையும் மடிக்கணினியில் போட்டுக்கொண்டு, நிஸாம் நானாவின் வேனில் ஜெயந்தியோடு பொலிஸுக்குப் போனேன். பெண்கள் பிரிவில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். முறைப்பாட்டைக் கேட்டுவிட்டு, அந்தச் சிரிப்பைக் காட்டச் சொன்னார். அதற்குள் எல்லாருடைய போனிலும் அது இருந்தது. பார்த்துவிட்டு ஜெயந்தியிடம், "நங்கி, தங்கச்சி, சிரிக்கிறது தானே. இப்படிச் சிரிச்சா அவர் என்ன நினைக்கிறது?" என்றார்.

நான் மடிக்கணினியைத் திறந்து முழுவதையும் ஓட்டினேன். சேரின் 'கட்' சத்தம். நிஸாம் நானாவின் அலறல். "அட்டை, அட்டை" என்று அவர் துள்ளும் சத்தம். பிறகு சிரிப்பு. சார்ஜன்டும் பக்கென்று சிரித்துவிட்டார். வாசலில் நின்ற நிஸாம் நானாவைப் பார்த்து இன்னும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப இதை இப்படி மாத்தினது யார்?"

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு முறைப்பாட்டுப் புத்தகத்தில் இடம் இல்லாததால் நான் தப்பினேன். அவர் எழுதத் தொடங்கினார். அவனைக் கூப்பிட்டு விசாரித்து எச்சரித்து அனுப்பினார்கள். முழுப் பதிவை ஜெயந்தியின் அப்பாவுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். லயத்து வாசலில் நின்றபடி பார்த்தார். முடிந்ததும் உள்ளே போய், மகளுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அந்தக் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அவன் நிற்பதை விடவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெயந்தி வத்தேகமயில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். கடை வேலை போனது. நடிப்பும் போனது.

அசல் முடிவைத் திரும்பப் போடச்சொல்லி அலைவரிசையைக் கேளுங்கள் என்று சேரிடம் சொன்னேன். "தொடர் கைக்கு வந்த நேரத்துல பைத்தியக்காரத்தனமா?" என்றார். நானே அசலை இணையத்தில் போட்டேன். ஒரு சிலர் பார்த்தார்கள். கீழே ஒருவர், 'டிவியில் வந்த முடிவுதான் நல்லம்' என்று எழுதியிருந்தார்.

தொடர் வந்தது. நிஸாம் நானா முதல் நாளே விலகினார். நான் விலகவில்லை. இரண்டு பகுதி வெட்டிக் கொடுத்தபிறகுதான் விலகினேன். அந்த இரண்டையும் ஏன் செய்தேன் என்று என்மேல் வரும் ஆத்திரம் தனி. புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் அவள் வேண்டாம் என்பாள், கடைசியில் சிரிப்பாள். முதல் பகுதிக்குச் சனம் சிரித்தது. ஆறாவது பகுதிக்குள் யாரும் சிரிக்கவில்லை. கம்பளை மண்டபத்தில் பின்னால் நின்று கைதட்டிய அந்தப் பிள்ளைகள் ஏன் இதைப் பார்க்கப்போகிறார்கள்? பாட்டும் மழையும் நல்ல வெளிச்சமும் உள்ள அசல் காதல் படம் அடுத்த அலைவரிசையில் ஓடுகிறதே. சேர் கடைசியில் கேலி என்ற பெயரையும் விட்டுவிட்டு ஒரு காதல் படம் எடுத்தார். அதிலும் அவரே கதாநாயகன்.

இப்போது சொல்லுங்கள், சனங்களுக்கா சிரிக்கத் தெரியாமல் போனது? கேலி செய்யப்பட வேண்டியவனுக்குக் கடைசியில் ஒரு சிரிப்பைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினோம். பெண்கள் பக்கத்தில் முதலில் எழுந்த சிரிப்பை நாங்களே அடைத்தோம். பிறகு மண்டபம் வெறுமையாகிவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறோம். நாற்பது வருடம் போனாலும் ஒரே காதல் படத்தைத்தான் திருப்பித் திருப்பி எடுப்பார்கள், அதைக் கேலி செய்ய எப்போதும் இடம் இருக்கும். அதற்கு ஒரு துணிவு வேண்டும். ஒருத்தி வேண்டாம் என்று சொன்ன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த துண்டை ஒட்டாமல் இருக்கும் துணிவு. நாளைக்கு உங்களுக்கும் போன் வரும். பேசுபவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். சின்ன மாற்றம் என்பார், நேரம் இல்லை என்பார். மணிக்கூட்டைப் பாருங்கள். நேரம் இருக்கும். படத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, எழுந்து, அவரிடம் நடந்து போங்கள். அவர் மாட்டேன் என்றால் படத்தை அனுப்பாதீர்கள். தொடர் போனால் போகட்டும்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் ஜெயந்தியைப் போனில் பிடித்தேன். வத்தேகமயில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த முறையாவது கேட்டுச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். உன் கதையைப் புதிய பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று கேட்டேன். யாரோ மருந்துத் துண்டோடு வந்திருக்கவேண்டும், கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று விளக்குவது கேட்டது. பிறகு வந்தாள்.

"எழுதுங்கக்கா. பேரும் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எல்லாரும் அந்தப் பிரச்சினையத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. நான் நல்லா நடிச்சேன். அதையும் எழுதுங்க."

ஜெயந்தி நன்றாக நடித்தாள். நான் வெட்டி ஒட்டிய முகங்களில் அவளைப்போலச் சிரிக்காமல் சிரிக்கவைத்த முகம் இன்னொன்று இல்லை.